மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை வீட்டில் வளர்ப்பது: தூக்குவதிலிருந்து பள்ளிக்கு அனுப்புவது வரை

குழந்தைக்கு மூளை முடக்குவாதம் இருப்பதாக மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, எந்த ஊரில், யாரிடம் பிசியோதெரபி நன்றாக இருக்கும் என்ற கேள்விதான் வீட்டில் சுற்றிச் சுற்றி வரும். அது நியாயமான கேள்விதான். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் பயிற்சிக்குப் போனாலும் மொத்தம் இரண்டேகால் மணி நேரம்தான் ஆகிறது. மற்ற நேரமெல்லாம் குழந்தை நம் இடுப்பிலும் மடியிலும் பாயிலும் தூளியிலும்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நாம் அதை எப்படித் தூக்குகிறோம், எப்படி உட்கார வைக்கிறோம், எப்படி ஊட்டுகிறோம் என்பவையே அதன் உடலை அதிகமாக வடிவமைக்கின்றன. எங்கள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் மையம் மையமாக அலைந்தோமே தவிர, வீட்டுக்குள் செய்துகொண்டிருந்த தவறுகளை யாரும் சுட்டிக்காட்டவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வயது முதல் ஆறு வயது வரையான குழந்தையை வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு, பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ ஏற்பட்ட பாதிப்பு இது. குறைமாதப் பிறப்பு, பிராணவாயுக் குறைவு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைத் தொற்று ஆகியவை முக்கியக் காரணங்கள். மூளையில் ஏற்பட்ட காயம் நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுப்பதில்லை என்பதால், கவனிக்காமல் விட்டால் கைகால்கள் மடங்கிப்போகின்றன. குழந்தையின் நடமாட்டத் திறனை ஒன்று (மிக லேசானது) முதல் ஐந்து (மிகக் கடுமையானது) வரையான நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற அளவுகோல் 1997இல் கனடாவில் உருவாக்கப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படுகிறது. உங்கள் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் நிலைக் குழந்தைக்குச் சொன்ன ஆலோசனையை நான்காம் நிலைக் குழந்தைக்குப் பின்பற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். அதேபோல் ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடும்’ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் போய் நிற்காதீர்கள். சில ரத்த நோய்களைத் தவிர வேறு எதற்கும் அதை வழக்கமான சிகிச்சையாக அளிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

தூக்குவதும் உட்கார வைப்பதும்

இறுக்கம் அதிகமுள்ள குழந்தையின் கால்கள் கத்தரிக்கோல் போல் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும்; தலை பின்னால் சாய்ந்தால் உடல் முழுவதும் வில்லாக வளையும். இப்படிப்பட்ட குழந்தையைக் கைக்குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்தித் தூக்கினாலும், விறைத்த உடலோடு தோளில் சாய்த்துக்கொண்டாலும் இறுக்கம் கூடத்தான் செய்யும். நம் ஊரில் பாட்டிமார் காலங்காலமாகச் செய்வதுபோல, கால்களை அகட்டி இடுப்பின் இருபுறமும் போட்டு, கைகள் இரண்டும் முன்னால் வரும்படி இடுப்பில் வைத்துக்கொள்வதே சரியான முறை. இடுப்பும் முழங்காலும் மடங்கிக் கால்கள் அகன்றிருக்கும்போது பின்னல் தளர்கிறது, கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கக் குழந்தைக்கு வாய்ப்பும் கிடைக்கிறது. எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

பாயிலிருந்து எடுக்கும்போது இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கக் கூடாது. ‘இப்போது தூக்கப் போகிறேன்’ என்று சொல்லி, குழந்தையை ஒருக்களித்துப் புரட்டி, இடுப்பையும் முழங்கால்களையும் மடக்கிய பிறகு உங்கள் உடலோடு ஒட்டித் தூக்குங்கள். சொல்லாமல் தூக்கினால் திடுக்கிட்டு விறைக்கும். நீங்களும் குனிந்து தூக்காமல் மண்டியிட்டுத் தூக்கிப் பழகுங்கள். பத்துக் கிலோவில் தெரியாத முதுகுவலி இருபது கிலோவில் தெரியும்.

தூளியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வில்லாக வளைந்து அழும் குழந்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே சிறிது நேரம் தூளியில் போட்டால் முதுகும் கால்களும் மடங்கி இறுக்கம் தளரும். ஆனால் சமையல் முடியும் வரை அதிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டால், தலையைத் தூக்கவோ கையை ஊன்றவோ எந்தச் சந்தர்ப்பமும் இல்லாமல் பொழுது போய்விடும். விழித்திருக்கும் நேரத்தில் ஒரே நிலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விடாமல், கொஞ்சம் குப்புற, கொஞ்சம் ஒருக்களித்து, கொஞ்சம் உட்கார்ந்து என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குப்புறப் போடும்போது மார்புக்கடியில் சுருட்டிய போர்வையை வைத்தால் கைகள் முன்னால் வந்து ஊன்றிக்கொள்ளும்.

உட்கார வைப்பதை இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். முதுகு கூனுகிறதே என்று தோள்களைப் பிடித்து நிமிர்த்துவது வீண் வேலை. இடுப்பு பின்னால் ஒட்டித் தள்ளி உட்கார்ந்திருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். சிறு குழந்தைக்கு இரண்டு சுவர்கள் சேரும் மூலையே நல்ல நாற்காலி. பின்னர் தச்சரிடம் சொல்லி ஒரு மர நாற்காலி செய்துகொள்ளலாம். அதன் இருக்கை ஆழம், குழந்தையின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரையான நீளத்தைவிட இரண்டு விரல் குறைவாக இருக்க வேண்டும். பாதங்கள் தொங்காமல் பலகையில் பதிய வேண்டும். முன்னால் போடும் மேசைப் பலகை முழங்கை உயரத்தில் அமைய வேண்டும். கால்கள் பின்னினால் முழங்கால்களுக்கு இடையே சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். பாதப் பலகையை ஏற்றி இறக்கும்படி துளைகள் போட்டுச் செய்யச் சொல்லாமல் விட்டதால் எங்கள் முதல் நாற்காலி எட்டு மாதத்தில் பரணுக்குப் போய்விட்டது.

சில குழந்தைகள் முழங்கால்களை மடக்கி, பாதங்களை இருபுறமும் வெளியே தள்ளி உட்காரும். இது இடுப்புக்கும் முழங்காலுக்கும் நல்லதல்ல என்றாலும், அப்படி உட்கார்ந்தால்தான் கைகள் விடுபட்டு விளையாட முடிகிறது என்றால் அதட்டி நிறுத்தாதீர்கள். சம்மணத்துக்கோ சிறிய முக்காலிக்கோ மெல்ல மாற்றுங்கள்.

ஊட்டுவது

இந்தப் பகுதியை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் நம் வழக்கம் அதிகமாகத் தீங்கு செய்வது இங்கேதான். கால்களை நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் குழந்தையை மல்லாக்கப் போட்டு, பாலாடையாலோ சங்காலோ புகட்டுவது நாம் அறிந்த முறை. விழுங்கும் தசைகள் ஒழுங்காக இயங்கும் குழந்தை அதைச் சமாளித்துக்கொள்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குத் தலை பின்னால் சாய்ந்த நிலையில் மூச்சுக்குழாயின் வாய் திறந்தே கிடக்கிறது. உணவு அதற்குள் இறங்கி நுரையீரலுக்குப் போகிறது. எங்கள் மகளுக்கு ஒன்றரை வயதுக்குள் இரண்டு முறை நிமோனியா வந்தது. ‘சளி உடம்பு’ என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டு, அதே மடியில், அதே பாலாடையில் தொடர்ந்தோம். மூன்றாவது முறை, விழுங்குவதையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரு பேச்சுப் பயிற்சியாளர், ‘எப்படி ஊட்டுகிறீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று கேட்ட பிறகுதான் காரணம் விளங்கியது.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, தலை நடுவில், முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதன் கண்மட்டத்தில் எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அது அண்ணாந்து பார்க்கும், அண்ணாந்தால் புரையேறும். ஆழமில்லாத சிறிய கரண்டியில் பாதியளவு எடுத்து, கீழிருந்து நேராகக் கொண்டு வந்து, நாக்கின் நடுப்பகுதியில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து நேராகவே வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்துவிடுவதும், மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைப்பதும் கூடாது. தாடை தளர்ந்து வாய் மூடாத குழந்தைக்கு, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் முகவாயில் வைத்து, நடுவிரலால் அதன் அடியில் தாங்கிப் பிடிக்கும் ஒரு முறை உண்டு. அதைப் பயிற்சியாளரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

எதை ஊட்டுகிறோம் என்பதும் முக்கியம். தண்ணீர், நீர்த்த மோர், ரசம் போன்றவை வாய்க்குள் வேகமாக ஓடுவதால் கட்டுப்படுத்தக் கடினமானவை. அவற்றைவிடக் கடினம் ரசம் சாதம், ஏனென்றால் நீர் ஒரு வேகத்திலும் பருக்கை ஒரு வேகத்திலும் போகிறது. கேழ்வரகுக் கூழ், கெட்டியான பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், தயிர் விட்டுக் குழைத்த இட்லி ஆகியவை எளிதானவை. அதற்காக எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் மிக்சியில் அடித்தே கொடுத்தால் மெல்லும் பழக்கம் வராமலே போய்விடும். அரைத்ததிலிருந்து மசித்ததற்கும், மசித்ததிலிருந்து பிசைந்ததற்கும் மாதக்கணக்கில் மெதுவாக ஏற வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு அரைமணி நேரத்துக்கு மேல் நீண்டால் குழந்தை களைத்துவிடும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகக் கொடுத்து, நெய், முட்டை, வேர்க்கடலைப் பொடி ஆகியவற்றைச் சேர்த்துச் சத்தைக் கூட்டுங்கள். தண்ணீர் குடிக்க, மெல்லிய பிளாஸ்டிக் குவளையின் விளிம்பில் மூக்குக்கு இடம் விட்டு அரைவட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்தை மழுக்கிப் பயன்படுத்தினால், தலையைப் பின்னால் சாய்க்காமலே குவளையைச் சாய்க்க முடியும். அண்ணாந்து குடிக்கப் பழக்குவது இந்தக் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. சாப்பிட்டு அரைமணி நேரம் வரை படுக்கவும் வைக்காதீர்கள்.

ஊட்டும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்ட பின் குரலில் களகளப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். இருமலே இல்லாமல் உணவு நுரையீரலுக்குப் போவதும் உண்டு. எடையை மாதந்தோறும் அங்கன்வாடியில் பார்த்துக் குறித்து வையுங்கள். எடை ஏறாமல் நின்றுவிட்டு, மருத்துவர் குழாய் வழி உணவைப் பரிந்துரைத்தால், அதை உங்கள் தோல்வியாக எண்ணித் தள்ளிப்போட வேண்டாம்.

குளியல், உடை

கால் நீட்டிக் குளிப்பாட்டும் முறை கைக்குழந்தைக்குச் சரி. பெரிதான பிறகு எண்ணெய் தேய்த்த உடல் வழுக்கும், விறைக்கும். அடியில் துண்டு விரித்த அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் விட்டு உட்கார வைத்தால் இறுக்கம் தளர்கிறது. கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சியை அப்போதே செய்துவிடலாம். மென்மையாக எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் ‘நரம்பை எடுக்கிறேன்’ என்று காலை வலிந்து இழுப்பவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள். நின்று பழகாத குழந்தையின் எலும்பு வலுக்குறைந்தது, எளிதில் முறியும். மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதிச் சளி எடுப்பதும் முற்றிலும் கூடாது.

சட்டை போடும்போது இறுக்கம் அதிகமுள்ள கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். இந்த ஒரு விதியால் எங்கள் வீட்டுக் காலை நேர அழுகை பாதியாகக் குறைந்தது. பாதம் விறைத்திருந்தால் முழங்காலை மடக்கிய பிறகு செருப்பை மாட்டுங்கள்.

பேச்சு வராத குழந்தையோடு

பேசாத குழந்தைக்குப் புரியாது என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். இரண்டு பொருள்களைக் காட்டி, ‘வாழைப்பழமா, பிஸ்கட்டா?’ என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பார்வையோ, ஒரு முனகலோ, கையின் சிறு அசைவோ பதிலாக வரும். வந்தவுடன் அதைக் கொடுத்துவிட வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுக்கும் ஒரு சைகையை வீட்டார் அனைவரும் ஒன்றாகத் தீர்மானித்துக்கொண்டால், பின்னர் படங்களைக் காட்டிப் பேச உதவும் படப் பலகைக்குப் போவது எளிதாகும். எங்கள் மகளுக்குக் கண்ணை மேலே தூக்கினால் ‘ஆம்’. அதைக் கண்டுபிடித்தது அவள் அண்ணன்.

பிளாஸ்டிக் காலுறை, இடுப்பு, வலிப்பு

பாதத்தையும் கணுக்காலையும் நேராகத் தாங்கிப் பிடிக்கும், ஏ.எஃப்.ஓ. என்று சொல்லப்படும் பிளாஸ்டிக் காலுறையைச் சுருக்கமில்லாத பருத்தி சாக்ஸின் மேல், குதிகால் நன்றாக உள்ளே பதிந்த பிறகு பட்டையை இறுக்கி அணிவியுங்கள். கழற்றியபின் தெரியும் சிவப்புத் தடம் அரைமணி நேரத்தில் மறையாவிட்டால், மறுபடி அணிவிக்காமல் செய்தவரிடம் கொண்டு போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு மெல்ல விலகுவது மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு நேர்கிறது. நடக்க முடியாத குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். தொடக்கத்தில் அது வலிக்காது, வெளியே தெரியவும் செய்யாது. ஆகவே எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இடுப்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று நீங்களாகவே எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். சாவியோ இரும்போ கையில் கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

சான்றிதழும் பள்ளியும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் அடங்கும். 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றளிக்கப்பட்டால் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி உண்டு. யு.டி.ஐ.டி. எனப்படும் அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிந்து, அரசு மருத்துவமனையின் சான்றைப் பெறுங்கள். தமிழ்நாட்டில் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. பயிற்சிச் செலவுக்கும் அதில் இடமுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இலவசமாகப் பயிற்சி பெற, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்; டி.இ.ஐ.சி. என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிப்மெட், சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட வித்யா சாகர், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் ஆகியவை நீண்ட அனுபவம் உள்ளவை. தொலைவில் இருப்பவர்கள் ஒருமுறை போய், வீட்டில் செய்ய வேண்டியதைக் கேட்டு, செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்தாலும் பயனுண்டு.

பள்ளியைப் பொறுத்தவரை, மூன்று வயதானவுடன் அங்கன்வாடிக்கு அனுப்பத் தொடங்குங்கள். ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, நீங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற, மேற்சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு உரிமை தருகிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி குறைபாட்டைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆனால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவதைவிட, சேர்க்கைக்கு முன்பே தலைமை ஆசிரியரைப் பார்த்து, வகுப்பு தரைத்தளத்தில் இருக்குமா, குழந்தையின் நாற்காலியை அங்கேயே வைக்கலாமா, கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவார்கள் என்ற மூன்றையும் பேசி முடிப்பது நல்லது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் அங்கிருந்துதான் நடக்கிறது.

வீட்டில் மற்றவர்கள்

மேலே சொன்ன அத்தனையும் தாய் ஒருத்தியின் தலையில் விழுவதே வழக்கமாக இருக்கிறது. அது நீடிக்காது, அவள் காய்ச்சலில் படுத்த அன்றைக்கே எல்லாம் நின்றுவிடும். ‘உதவி செய்கிறேன்’ என்று பொதுவாகச் சொல்லும் கணவரிடமும் மாமியாரிடமும் குறிப்பிட்ட ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் இரவுக் குளியலும் காலுறையும் அவள் அப்பாவின் பொறுப்பு. மாலைக் கூழ் பாட்டியின் பொறுப்பு. பாலாடையை விட மறுத்த அத்தையிடம் நான் பல நாள் வாதாடிப் பயனில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் அவரையே அழைத்துப் போய் உட்கார வைத்தேன், அத்தோடு அது முடிந்தது. அண்ணன், அக்காவைச் சிறு தாதிகளாக ஆக்கிவிடாமல், அவர்களுக்கென்று நாளில் கொஞ்ச நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள்.

ஒரு தாளில், ஊட்டும் நிலை, உணவின் கெட்டி, மருந்தின் பெயரும் அளவும் நேரமும், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, ‘ஆம்’, ‘இல்லை’ சைகை, மருத்துவரின் எண் ஆகியவற்றை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். வேறொருவர் அதைப் பார்த்து ஒருவேளை ஊட்டுவதை அருகில் இருந்து கவனியுங்கள். தாளில் விட்டுப்போனவை அப்போது தெரியும், அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வாரம் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போய் வாருங்கள்.